ஒடியுற மாதிரி ஒரு தூண்டில்

“சீக்கிரம் ஒடியுற மாதிரி ஒரு தூண்டில் கம்பு குடுங்க, மிஸ்டர் ஆல்சீட்.”

கடைக்காரர் ஆல்சீட் கையிலிருந்த புழு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கேட்டவள் நொயெமி. இடுப்பில் குழந்தை. பார்வை மட்டும் வாசலிலேயே இருந்தது. வெளியே வண்டிப் பக்கத்தில் அவள் கணவன் எமில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

“ஒடியாததக் கேட்டுத்தாம்மா எல்லாரும் வருவாங்க” என்றார்.

அவள் அவசரமாகச் சொன்னாள். மர ஆலையில் எமில் வலிப்பு வந்து விழுந்ததும், அவனை வேலையிலிருந்து நிறுத்தியதும் ஊருக்கே தெரியும். லூசியானா ஏரிகளில் கிராப்பி மீன் கரையோரம் வருகிற மாதம் இது. பிடிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விடியற்காலையில், பழைய தகரப் படகில், தனியாக. நடுத் தண்ணீரில் ஒருமுறை வலிப்பு வந்தால் முடிந்தது கதை. சொன்னால் எரிந்து விழுகிறான். வண்டி ஓட்டாதே, ஏணி ஏறாதே, பிள்ளையைத் தனியாகத் தூக்காதே என்று டாக்டர் சொன்னதிலிருந்தே இப்படித்தான். மூச்சாவது விடலாமா என்று கேட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான்.

“முதல் மீனுக்கே ஒடிஞ்சா வெறுத்துப்போய் விட்டுடுவான். இன்னொண்ணு வாங்க எங்களுக்கு வசதி இல்ல.”

ஆல்சீட் பதில் சொல்வதற்குள் எமில் உள்ளே வந்துவிட்டான்.

அவன் முதலில் எடுத்தது ஒரு நீளமான கார்பன் கம்பு. கையில் இருப்பதே தெரியவில்லை. விலைச்சீட்டைப் பார்த்தான். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாசலோரப் பீப்பாயிடம் போனான். சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக மலிவுக் கம்புகளைச் செருகி வைத்திருக்கும் பீப்பாய். ஒன்றை உருவி, இது போதும் என்றான்.

நொயெமி மூச்சை அடக்கிக்கொண்டாள். அவள் கேட்டது தானாகவே நடக்கிறது.

ஆல்சீட் கல்லாவைச் சுற்றி வந்து அதை அவன் கையிலிருந்து பிடுங்கினார்.

“இத வச்சு நீ ஈ ஓட்டலாம்.”

உள்ளே போய் ஒரு ஃபைபர் கம்பைக் கொண்டுவந்தார். நுனியைப் பிடித்து வில்லாக வளைத்தார். விட்டதும் விருட்டென்று நிமிர்ந்தது. கிராப்பிக்குக் காகிதம் மாதிரி மெல்லிய வாய், விறைப்பான கம்பானால் வாய் கிழிந்து மீன் போய்விடும், இது மீனோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும், படகு விளிம்பில் அடிபட்டாலும் தாங்கும் என்று கேட்காததையெல்லாம் சொன்னார். எமில் விலை கேட்கத் தயங்கினான். பீப்பாய்க் கம்புக்கு என்னவோ அதையே கொடு என்றார்.

“எதுக்கு மிஸ்டர் ஆல்சீட்?” நொயெமி குறுக்கே வந்தாள். “அவன் எடுத்ததையே குடுத்துடுங்களேன்.”

“என் கடைக் கம்பு ஒடிஞ்சு போச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாதும்மா.”

கடைப் பேருக்காக என் புருஷனைத் தண்ணீருக்குக் கொடுக்கிறான் கிழவன். குழந்தையை இறுக்கிக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தாள்.

ஆண்கள் இருவரும் கல்லாவில் குனிந்து பேசுவது கண்ணாடி வழியே தெரிந்தது. எமில் மாட்டேன் என்று தலையாட்டினான். ஆல்சீட் விடாமல் ஏதோ சொன்னார். பிறகு கைகொடுத்தான். வெறுங்கையோடு வந்து, கம்பில் தூண்டில் நரம்பு சுற்றி வைப்பார், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றான். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை.

போட்ட உடையோடு குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏரிக்கு வண்டியை விரட்டினாள். பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் பாதியில் அறுந்து அறுந்து மறுபடி முதலிலிருந்து வந்தது.

எமிலின் தகரப் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. சங்கிலியின் பூட்டுகூடத் திறக்கவில்லை.

படகு இங்கே இருக்கிறது. ஆள் எங்கே?

தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில் வேறொரு படகு. அதில் இரண்டு பேர். முன்னால், மிதவைச் சட்டையில் எமில். பின்னால், அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஆல்சீட்.

நொயெமியால் நம்ப முடியவில்லை. ஏரியடியில் மரக்கிளைகளைக் கட்டி இறக்கி, அதைச் சுற்றிக் கிராப்பி கூடும் இடங்களை யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருப்பவர் அவர். சொந்தத் தம்பியைக்கூடப் படகில் ஏற்றியதில்லை. அதுவும் வியாபாரம் கொழிக்கிற மாதத்தில், கடையைப் பூட்டிவிட்டு.

அவளைப் பார்த்துவிட்டுப் படகு கரைக்குத் திரும்பியது. எமில் வாளியோடு இறங்கினான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. குழந்தைக்கு மீனைக் காட்டுகிறேன் என்று வண்டிக்குப் போனான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் என்ன கேட்டேன், நீங்க என்ன செஞ்சீங்க?”

“நீ கேட்டதக் குடுத்திருந்தா, அது ஒடிஞ்ச மறுநாளே ஒரு மூங்கில வெட்டிக்கிட்டுத் தனியாப் போயிருப்பான். வீம்புக்காரன்.”

அவள் படகருகே போனாள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று படகில் கிடந்த கம்பை எடுக்கக் குனிந்தாள். ஆல்சீட் காலைக் குறுக்கே நீட்டினார்.

“அதை வைம்மா. விலையக் குறைச்சதும், நேத்து அவன் கைகொடுத்ததும் அதுக்குத்தான். கம்பு அவனோடது; ஆனா என் படகவிட்டு இறங்காது.”