மூன்று பூட்டும் ஒரு கித்தானும்

“இதை ஒரு திருடன் கழட்டணும்னா எவ்வளவு நேரம் பிடிக்கும் பாய்?”

ஜெலுத்தோங்கில் ஷேக் அலாவுதீனின் கார் சாமான் கடைக்குள் நுழைந்ததும் ஞானாம்பிகை கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கணவர் ஐயாத்துரை பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். மகள் தர்ஷினிக்கு ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலில் சைக்கிள் பந்தயம். சைக்கிளை ஏற்றிப் போக, காரின் பின்னால் நீட்டியிருக்கும் இழுவைக் கம்பியான டோ பாரில் மாட்டும் ரேக் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் போன வருஷம் தர்ஷினியின் பழைய சைக்கிள் வீட்டு வாசலிலேயே பறிபோனது. அன்றிலிருந்து ஞானாம்பிகைக்கு ஊரில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் அவர்களுக்குத் துப்புக் கொடுப்பவர்கள்.

அலாவுதீன் வார் வைத்துக் கட்டும் ரேக்கைக் காட்டினார்.

“கத்தியால அறுத்துடுவான்.”

நட்டு வைத்து முடுக்குவதைக் காட்டினார்.

“ஸ்பேனர் இல்லாத திருடன் உண்டா பாய்?”

கடைசியாக உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். டோ பாரோடு சேர்த்து ஒரு பூட்டு, சைக்கிளைப் பிடிக்கும் கையில் ஒரு பூட்டு. ஞானாம்பிகை அதை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. முகம் மலர்ந்தது.

“இதுவே இருக்கட்டும். மேலே ஒரு சங்கிலிப் பூட்டும் போட்டுக்கறேன்.”

அலாவுதீனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்டியரிங் உறை, வாசனைப் புட்டி, ரேக்கின் பின்னால் மாட்டும் விளக்குப் பலகை என்று வரிசையாக எடுத்து நீட்டினார்.

“அதெல்லாம் வேணாம் பாய். பூட்டு போதும்.”

பந்தயத்தில் தர்ஷினி மூன்றாவதாக வந்தாள். பெற்றவளுக்கு அதைக் கொண்டாடக்கூட முடியவில்லை. எவனெவனோ வந்து சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

“இத்தனை கண்ணு பட்டிருக்கு. இனிமே இது வெளியே தெரியவே கூடாது” என்று தடித்த கித்தான் ஒன்றைச் சைக்கிள் மேல் போர்த்தி, ரேக்கோடு சேர்த்துப் பம்பர் வரை இறுக்கிக் கட்டினாள். அதற்கு மேல் சங்கிலிப் பூட்டு.

பழைய ரோட்டில் திரும்பி வரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. புக்கிட் தெங்கா சிக்னலைத் தாண்டியதும் ஞானாம்பிகை பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

“என்னங்க, அந்த மோட்டர் சைக்கிள்காரன் நம்ம பின்னாலயே வர்றான்.”

“ரோடு அவனுக்கும்தானே லா.”

ஐயாத்துரை வேகத்தைக் குறைத்தார். அவனும் குறைத்தான். கூட்டினார். அவனும் கூட்டினான். அவரும் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தார்.

திடீரென்று அந்த மோட்டர் சைக்கிள், காரின் பக்கத்தில் வந்தது. தலையில் ஹெல்மெட், உடம்பில் கறுப்பு மழைச்சட்டை. கண்ணாடியைத் தட்டி ஏதோ கத்தினான். காரின் பின்புறத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினான்.

“சைக்கிளைக் காட்டறான்! குடுத்துடச் சொல்றான்! கண்ணாடியை இறக்காதீங்க!”

“அம்மா, அவரு என்னமோ சொல்ல வர்றாரு…”

“நீ வாயை மூடு! சீட்டுல குனிஞ்சு படு!”

ஐயாத்துரை காரை விரட்டினார். தீவுக்குப் போகும் கடல் பாலத்துக்கு முன்னால் டோல் வந்தது. மோட்டருக்குத் தனி வழி. ‘அப்பாடா, தொலைந்தான்’ என்று ஞானாம்பிகை மூச்சு விட்டாள். டோல் தாண்டிப் பார்த்தால், ஓரமாக நின்று இவர்களுக்காகக் காத்திருந்தான்.

இனி பாலம். நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. கீழே கடல், மேலே மழை, பின்னால் அவன்.

நடுப் பாலத்தில் அவனுக்கும் பின்னால் ஒரு லோரி பெரிதாக ஹாரன் அடித்தது. அவன் ஒரு கையைத் தூக்கி அதைப் பார்த்து வேகவேகமாக ஆட்டினான்.

“கூட்டாளிங்களைக் கூப்பிடறான்! லோரியில வர்றாங்க!”

லோரி வேகம் குறைந்து, ஒதுங்கி, இவர்களைத் தாண்டிப் போய்விட்டது. ஞானாம்பிகை அதைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். “தண்ணீர்மலை முருகா, சைக்கிள் போனா போகட்டும். என் பிள்ளையை மட்டும் வீட்டுல கொண்டு சேர்த்துடு.”

ஐயாத்துரை வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஜெலுத்தோங் போலீஸ் ஸ்டேஷனுக்குள் காரை விட்டார். என்ன நெஞ்சழுத்தம், அவனும் உள்ளே வந்தான்!

ஞானாம்பிகை பாய்ந்து இறங்கி, வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பிடித்துக்கொண்டாள். “இவன்தான்! சைக்கிளைப் பிடுங்க வந்தவன்!”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சின்னப் பையன். குளிரில் பல் தந்தியடித்தது. மழைச்சட்டைக்குள் ஃபேக்டரி உடுப்பு, அதில் முகம்மது சுல்தான் என்று பெயர்.

போலீஸ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காரின் பின்னால் போனார். ஐயாத்துரையைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார்.

“லம்பு மானா?” என்றார் மலாயில். விளக்கு எங்கே?

ஐயாத்துரை பிரேக்கை மிதித்தபடிதான் இருந்தார். கித்தானுக்கு வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பின்புறம் முழுவதும் கும்மிருட்டு.

ஞானாம்பிகையின் காதில் அந்த லோரி ஹாரன் மறுபடி கேட்டது. அந்த லோரிக்கும் பின் சீட்டில் குனிந்து படுத்திருந்த தர்ஷினிக்கும் நடுவில் இருந்தது இந்தப் பையன் ஒருவன்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி… வீட்டுக்குப் போற வழியில எங்களால உனக்கு எவ்வளவு தொந்தரவு. ஜெலுத்தோங்ல உன் வீடு எங்கேப்பா?”

“இங்கே இல்லக்கா. உங்க காருக்குத்தான் பின் லைட் தெரியல, என்னோட லைட்டாவது தெரியட்டுமேன்னு வந்தேன். என் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவுல.”