ஏறத்தான் வாங்கினேன்

"இது மலை ஏறுமா மாப்ளே?"

வாசலில் வந்து நின்ற புதுக் காரைப் பார்த்து மாமனார் கேட்ட முதல் கேள்வி.

"ஏறத்தானே மாமா வாங்கியிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஊரில் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை தையற்கடை வைத்திருப்பவர். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருப்பது மூன்றே தெரு. மூன்றும் தார் ரோடு. அப்படிப்பட்ட மனிதர் காட்டு ஜீப் வேஷம் கட்டிய ஒரு குட்டிக் காரோடு வந்து நின்றால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

தரையிலிருந்து நன்றாகத் தூக்கிய உடம்பு. சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக். கூரைமேல் இரண்டு கம்பிகள். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் உறையில் வாயைப் பிளந்த கரடி.

"கரடி எதுக்குங்க?" என்றாள் மனைவி. அவள் முகம் அப்போதே சரியில்லை.

"அதுவா... கூடவே வந்துச்சு."

"கூரையில கம்பி?"

"கூடாரம், கயிறு எல்லாம் கட்டிக்கலாம்."

"துணி காயப்போடலாம்" என்றார் மாமனார்.

"உள்ளே ஒரு திருகு இருக்கு மாமா. மண், சேறு, பாறைன்னு எது வேணுமோ அதுல வச்சுக்கலாம்."

"நம்ம தெருவுக்கு எதுல வைக்கணும்?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "அணைச்சு வைக்கணும்."

"ஷோரூம்ல டேப்பை எடுத்து சீட்டை அளந்தீங்களாமே? விக்கிறவர் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்" என்றாள் மனைவி.

"சீட் உறை தைக்க வேண்டாமா?"

அவள் கணவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல விளையாட்டு விழா. அப்பா விசில் ஊதித்தான் ஓட்டப்பந்தயம் தொடங்கணும்னு கேட்டிருக்காங்க. மாட்டேன்னுட்டார்."

"ஏனாம்?"

"அதே பெட்ரோல் வாடைதான்."

மாமனார் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். அவருக்குப் பெட்ரோல் வாடை ஆகாமல் போனது போன வருஷம். பழைய காரின் பள்ளமான சீட்டில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இருவருமே அவரிடம் தண்டால் கற்றவர்கள். அன்றோடு கார் சவாரி நின்றது. சோபாகூட சோம்பேறிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, ஹாலில் கிடந்த உயரமான மர நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து மட்டும் யார் தயவும் இல்லாமல் எழுந்துவிடுவார். முட்டி என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுப்பதே இல்லை.

"அப்பா காலை நீட்டி உட்காருற மாதிரி நீளமான காரா வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க கரடியோட வந்து நிக்கிறீங்க" என்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "போகலைன்னு சொல்லிட்டு, தினமும் அந்த விசிலை எடுத்துத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறார்ங்க. பார்க்கவே முடியலை."

மாப்பிள்ளை கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இந்த டப்பா ஓடுதா, உருளுதான்னு பார்க்கணும். முச்சந்தி வரைக்கும்தான் வருவேன்."

மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் அவர் கதவைத் திறந்து, சீட்டில் இடுப்பைச் சாய்த்து, காலை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். மகள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஸ்டியரிங்கிற்குப் பக்கத்தில், கார் எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் முள் ஒன்று. வேகத்தடையில் ஏறியபோது அது லேசாக அசைந்தது.

"பார்த்தீங்களா மாமா!"

"பார்த்தேன். உச்சிக்கு வந்தாச்சு. இறங்கிக் கொடி நட்டுடலாமா?"

அடுத்த தெருவில் சாணளவு தண்ணீர் தேங்கியிருந்தது. கரடி வண்டி அதைத் தொடாமல் ஓரமாக ஒதுங்கிப் போனது.

"சேத்துல வைக்கிற திருகு இருக்குன்னீங்க?"

"நேத்துதான் மாமா கழுவினேன்."

முச்சந்தி வந்தது. "திருப்பிடவா மாமா?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஸ்கூல் மைதானம் வரைக்கும் விடுங்க. வண்டி புல்லையாவது பார்க்கட்டும், பாவம்."

மைதானத்தில் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் வெள்ளை ஷூ இரண்டும் தரையில் ஊன்றிவிட்டன. மாமனார் நெஞ்சை நிமிர்த்திச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், காட்டு வண்டியெல்லாம்?"

"மாப்பிள்ளைக்கு வேட்டைக்காரன்னு நினைப்பு. நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

எல்லோரும் கரடியைப் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். மகளுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அன்று ஊதிய விசிலுக்கு, பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போனவர்கூட நின்றுவிட்டாராம்.

விழா முடிந்தது. மகள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, மாமனார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமா."

"சீட்டை அளந்தது உறை தைக்க. சரி. கார் வாங்கப் போறதுக்கு முந்தின நாள் டேப்பும் கையுமா குனிஞ்சு, என் நாற்காலி என்ன உயரம்னு அளந்தீங்களே, அது எதுக்கு? நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன். தூங்கலை."