கூடைக்குள் விருந்து

கோழி உள்ளே போகவில்லை.

டீச்சர் அதைக் குப்புறப் போட்டுப் பார்த்தார். காலைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். கடைசியில் சமையல் மேடையில் கிடத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்செலும்பின் மேல் ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினார். படக்கென்று சத்தம் கேட்டது. கோழி தட்டையானது.

அப்போதும் ஏர் ஃப்ரையரின் கூடை மூடிக்கொள்ள மறுத்தது.

"மனுஷி சமைக்கிற சாமானா இது?" என்று அவர் அதனிடமே கேட்டார்.

கத்தியை எடுத்து இரண்டாகப் பிளந்தார். பாதி இப்போது, மீதி அப்புறம்.

அடுப்பு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் சதுரமாக மிச்சமிருந்தது. போன மாதம் மகனும் மருமகளும் வந்தார்கள். பர்னர் பழசாகிவிட்டது, ஆபத்து என்று சொல்லி மகன் அடுப்பைக் கழற்றிக் காரில் ஏற்றினான். மருமகள் இந்தக் கறுப்புப் பெட்டியை வைத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்தப் பொறுமையை நினைத்தால்தான் டீச்சருக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படி என்ன செய்துவிட்டார்? பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். பாத்திரம் கரியாகிவிட்டது. பாத்திரம் கரியாத வீடு எங்கே இருக்கிறது?

மைதானத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே விசில் ஊதி வரிசையில் நிறுத்தியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே விசில் டீச்சர். அவர் கையிலிருந்து, தவழும் பிள்ளையிடமிருந்து தீப்பெட்டியைப் பிடுங்குவதுபோல் நெருப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாம் மருமகள் வேலை. மகனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. மகள் மட்டும் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், அடுப்பு வாசலைத் தாண்டியிருக்குமா?

அதனால்தான், பண்டிகைச் சாப்பாட்டை வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று மகன் போனில் சொன்னபோது அவர் போட்ட சத்தத்தில் பால்கனிப் புறா பறந்தது.

"ஒண்ணும் வாங்க வேணாம். எல்லாரும் இங்க வாங்க. நீங்க குடுத்த டப்பாவுலயே சமைச்சுப் போடறேன்."

வரட்டும். சாப்பிடட்டும். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று உறுத்தட்டும். வெட்கம் தாங்காமல் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து இருந்த இடத்தில் வைக்கட்டும்.

பாதிக் கோழி. உருளைக்கிழங்கு. மறுபாதிக் கோழி. பூசணித் துண்டுகள். கேக் சுடுகிற தகரத்தில் அரிசியைப் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி உள்ளே தள்ளினார். சோறு அடியில் கட்டியாகவும் மேலே விறைப்பாகவும் வந்தது. திட்டிக்கொண்டே கிளறி, தண்ணீர் தெளித்து, மறுபடி தள்ளினார்.

பெட்டி 'டிங்' என்ற போதெல்லாம் ஓடினார். தன் விசிலுக்கு வெயிலில் ஓடிய பிள்ளைகளின் சாபமாக இருக்கும் என்று தோன்றியது.

வெந்தது ஆறிவிடக் கூடாதே. ஒவ்வொரு பாத்திரத்தையும் போர்வையில் சுற்றிக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார். காய்ச்சல்காரர்கள் மாதிரி அவை வரிசையாகக் கிடந்தன. தலையணையெல்லாம் கோழி வாசனை.

மகனும் மருமகளும் மகளும் வந்து சேர்ந்தபோது மேசையில் விரல் வைக்க இடமில்லை. எல்லாமே சூடாக இருந்தன.

உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டீச்சர் நின்றபடி பரிமாறினார். மகன் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டான். மகள் எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். மருமகள் மட்டும் ஒன்றும் இறங்காமல் தட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

உறுத்துகிறது. நன்றாக உறுத்தட்டும்.

"நெஜமாவே எல்லாம் இதுலயாம்மா செஞ்ச?" என்றான் மகன்.

"வேற எதுல? அடுப்பத்தான் தூக்கிட்டுப் போயிட்டியே."

இப்போது தலை குனிவான் என்று டீச்சர் காத்திருந்தார். அவன் குனியவில்லை. சுமையை இறக்கி வைத்தவன்போல் பெருமூச்சு விட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"அப்ப ஒரு கவலையும் இல்ல. அந்த ரூம்ல அடுப்புதான் வைக்கக் கூடாது. இத வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"எந்த ரூம்ல?"

கரண்டியைப் பிடித்தபடியே டீச்சர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"என்னக் கொண்டுபோய் எங்கடி தள்ளப் பாக்குற?"

மருமகளின் கண்கள் நிறைந்திருந்தன. மகள்தான் பதில் சொன்னாள்.

"அண்ணிய ஏம்மா திட்டற? அவங்க ஆரம்பத்துலேர்ந்தே வேணாம்னுதான் சொல்றாங்க. நான்தான் இடம் பாத்தேன். உன் வயசுக்காரங்கதான் எல்லாரும். நர்ஸ் இருக்காங்க. ரூம் நல்ல வெளிச்சம்மா."

டீச்சர் மகளையே பார்த்தார். காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த கோபம் இப்போது திசை தெரியாமல் நின்றது. பிறகு தெரிந்தது.

"அவ்வளவு வெளிச்சமா இருந்தா நீ போய் இரு," என்றார். "நான் இந்த வீட்ட விட்டு எங்கயும் வரப்போறதில்ல."

மகள் எலும்பைத் தட்டில் வைத்தாள். மகன் தண்ணீர் டம்ளரை எடுத்தான், குடிக்காமலே கீழே வைத்தான்.

மருமகள் எழுந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீச்சரின் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். புதுத் தட்டில் சோறு வைத்தாள்.

காலையிலிருந்து அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதை, அந்த மேசையில் அவள் ஒருத்திதான் கவனித்திருந்தாள்.