விடுபட்ட வரி

“விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நாம சொல்றோம். உங்க ஆளுங்க ரெண்டே நாள்தானா சார்? நம்மளைவிடக் கஞ்சங்களா இருக்காங்களே!”

அவர் வந்த அன்று, ஆதிக் கிறிஸ்தவ நூல் ஒன்றுக்கு அவர் செய்த மொழிபெயர்ப்பின் அச்சு மெய்ப்பைப் புரட்டியபடி அவள் கேட்டது.

“என் ஆளுங்க இல்லம்மா. ஏசுவோட சீடர்கள், அந்த அப்போஸ்தலர்களுக்கு அடுத்த தலைமுறைச் சபைகள். ஊர் ஊராப் போற போதகர் ஒருநாள் தங்கலாம், அவசியம்னா ரெண்டு நாள். மூணாவது நாளும் ஒட்டிக்கிட்டிருந்தா கள்ளப் போதகர்.”

“அப்போ நீங்க?”

“ரெண்டே நாள். மெய்ப்பு முடிஞ்சதும் கிளம்பிடுவேன்.”

இன்று ஆறாவது நாள். அவள் நடத்தும் அச்சகத்துக்கு மேல்மாடியில்தான் அவள் வீடு. கூடத்து சோபாதான் அவருக்குக் கட்டில்.

“இன்னிக்கு என்ன சாக்கு போதகரே? நேத்து சட்டை காயலை. முந்தாநாள் ஒரு காற்புள்ளியில சந்தேகம்.”

“சந்தேகம் தீர்ந்திடுச்சு. சட்டையும் காஞ்சிடுச்சு.”

“அச்சச்சோ! இனி எதைப் பிடிச்சுத் தொங்குவீங்க?”

அவர் எழுந்து, காபி குடித்த டம்ளர்கள் இரண்டையும் கழுவி, எங்கே என்று கேட்காமலே சரியான அலமாரியில் கவிழ்த்தார். பையின் ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது.

“பைக்கே போக மனசில்லை போலிருக்கு” என்றாள்.

மல்லுக்கட்டி மூடினார். “புத்தகம் அச்சுக்குப் போகட்டும். நான் வரேன்.”

“போகாது. உங்க கையெழுத்துப் பிரதியில இருக்கிற ஒரு வரி, அச்சுக் கோர்க்கும்போது விட்டுப்போச்சு. முதல் நாளே பார்த்துட்டேன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே வேலை முடிஞ்சிருக்கும்.”

அவர் திரும்பினார். “எந்த வரி?”

“கள்ளப் போதகருக்குக் கொஞ்சம் கீழே. வந்தவருக்கு ஒரு தொழில் தெரிஞ்சு, இங்கேயே குடியிருக்க ஆசைப்பட்டா, வேலை செஞ்சு சாப்பிடட்டுமாம்.”

“எனக்கு என்ன தொழில் தெரியும்?”

“டம்ளர் கழுவுற தொழில். அதிலதான் பிழையே வராது.”

அவர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஆறு நாளாக ‘சார்’, ‘போதகரே’ என்று குத்திக்கொண்டிருந்தவள், அவர்கள் இருவருக்கும் விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து வாய்வரை வந்து திரும்பிப்போன வார்த்தையால் அவரைக் கூப்பிட்டாள்:

“என்னங்க... போகாதீங்க.”