ஜெசிந்தாவின் குப்பி

எந்த மருந்துக்கும் மசியாத மூளைக்காய்ச்சலில் ஜெசிந்தா இறந்த மறுநாள்தான், அவள் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரில் அந்தக் காய்ச்சல் கிருமியைத் தின்னும் வைரஸ் கிடைத்தது. ஆஸ்பத்திரி வழக்கப்படி அதற்கு அவள் பெயரையே வைத்தார்கள். அதன் பிறகு அதை முதுகுத்தண்டில் ஏற்றி எந்தப் பிள்ளை பிழைத்தாலும், நர்ஸ் ஸ்டெல்லா ஜெசிந்தாவின் அம்மா அமலோற்பவத்துக்குப் போன் செய்வாள். "அக்கா, நம்ம ஜெசிந்தா இன்னைக்கும் ஒரு பிள்ளையக் காப்பாத்திட்டா." அன்றைக்குத்தான் அமலோற்பவத்துக்குச் சோறு இறங்கும்.

இன்று ஸ்டெல்லா நேரில் வரச் சொல்லியிருந்தாள்.

"கிருமி மாறிட்டுக்கா. இனி ஜெசிந்தாவால அத ஒண்ணும் செய்ய முடியாது. வேற வைரஸ் கண்டுபிடிச்சாச்சு. மிச்சம் இருக்கிறத இன்னைக்கு அழிச்சிருவாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம எனக்கு மனசு கேக்கல."

அமலோற்பவம் அழவில்லை. "ஒரு தடவ கையில தாங்கம்மா," என்றாள். மகள் சாகும்போது அவளைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஸ்டெல்லா ஃப்ரிட்ஜைத் திறந்து விரல் நீளக் குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அமலோற்பவம் அதை முந்தானையில் சுற்றி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"இத்தன நாளும் இதுக்குள்ளயா வச்சிருந்தீங்க? அவளுக்குக் குளிரு ஆகாதேம்மா."