முந்நூறு மீட்டர் தள்ளி

“முந்நூறு மீட்டர்! நாடே வாயைப் பிளந்து பார்த்துட்டிருந்த குண்டை, உன் வீட்டுக்காரர் முந்நூறு மீட்டர் தள்ளிச் சேத்துல இறக்கிட்டாரே!”

மேஜர் மனைவி ஹெர்லினா காலையிலிருந்து இதை நான்காவது தடவையாகச் சொன்னாள். வார்த்தை மாறவில்லை. ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

மேஜர் வீட்டு அடுப்படியில் லஸ்திரி எண்ணெய்ச் சட்டியில் வாழைப்பழத் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் விமானப்படைக் குடியிருப்பில் கணவனுக்கு என்ன பதவியோ அதுதான் மனைவிக்கும். மாதர் சங்கக் கூட்டம் என்றால் மேஜர் மனைவிக்கு நாற்காலி, கேப்டன் மனைவிக்கு முக்காலி, சார்ஜென்ட் மனைவிக்கு அடுப்பு.

“வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கறேன்ல?”

“கை நடுங்கிடுச்சுன்னு அவரே விசாரணையில ஒத்துக்கிட்டாரே மேடம்.”

“நடுங்கற கைக்கு லேசர் எதுக்கு? கிலுகிலுப்பை குடுத்திருக்கலாம்.”

முக்காலியில் இருந்த நிங்ரும் சிரித்தாள். கேப்டன் மனைவி சிரிக்க வேண்டிய இடம் அது.

‘ராஜாளி’ எங்கள் தெரும்பா நாடு சொந்தமாகச் செய்த முதல் வழிகாட்டிக் குண்டு. விமானம் மேலிருந்து போட்டுவிடும். கீழே ஒருவர் குறியின் மேல் லேசர் ஒளியை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஒளி எங்கே விழுகிறதோ, குண்டும் அங்கே விழும். திங்கட்கிழமை, விலை பேச வந்த வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் ஒளியைப் பிடித்தவர் லஸ்திரியின் கணவர் வர்தோயோ. குறி, சோதனைத் திடலின் நடுவில் நிறுத்தியிருந்த ஒரு பழைய லாரி.

லாரிக்குக் கீறல்கூட விழவில்லை. வந்தவர்கள் விலை பேசாமலே கிளம்பினார்கள்.

வர்தோயோவைக் கராங் தீவுக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தீவில் ஒரு காவல் கோபுரம் உண்டு, கடற்பறவைகள் உண்டு. பள்ளிக்கூடம் கிடையாது.

லஸ்திரி அடுப்பைத் தணித்தாள்.

“மேடம், பொண்ணுக்குப் பத்தாவது பரீட்சை. இன்னும் ரெண்டே மாசம். அதுவரைக்கும் நாங்க இப்ப இருக்கற வீட்டுலயே இருந்துக்கறோம். மேஜர் சார் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“எந்த முகத்தோட கேக்கறே? சோதனைத் திடல் முழுக்க என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு ஈ காக்கா உள்ளே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். தன் வேலையை அவர் சுத்தமாச் செஞ்சார். உன் ஆளு செஞ்சாரா?”

“இல்லை மேடம்.”

“அப்புறம் என்ன? ஒருத்தருக்குத் தளர்த்தினா நாளைக்கு எல்லாருக்கும் கை நடுங்கும். ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா? நீயே சொல்லு நிங்ரும்.”

“வேணும் மேடம்,” என்றாள் நிங்ரும்.

அப்போது பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். திடலை ஒட்டிய மீனவர் குப்பத்து ரோபியா. தலையில் ஒரு சாக்கு மூட்டை. கீழே இறக்கியபோது உள்ளே உலோகம் கலகலத்தது.

“அம்மா, செம்புக் கம்பியும் தகரமும். வழக்கம்போலப் பாதி உங்களுக்குன்னு தனியாக் கட்டிட்டேன்.”

ஹெர்லினாவின் முகம் வெளுத்தது. “இப்ப வேலையா இருக்கேன். அப்புறம் வா.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. திங்கக்கிழமையில இருந்து ரெண்டு காதும் அடைச்சுக் கெடக்கு.”

“போயிட்டு அப்புறம் வாடின்னேன்!”

“ஆமாம்மா, பிள்ளைங்களுக்கும் அதேதான். ஏதோ புண்ணியத்துல உசிரோட இருக்கோம்.” காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் ஊருக்கே கேட்கும்படி பேசினாள். “நானு, என் தங்கச்சி, அவளோட ரெண்டு பிள்ளைங்க. நாலு பேரும் அந்தப் பழைய லாரி மேல ஏறிக் கம்பி பிடுங்கிட்டிருக்கோம். அண்ணாந்து பாத்தா, குண்டு நேரா எங்க தலைக்கு வருது!”

நிங்ரும் முக்காலியை விட்டு எழுந்தாள்.

“ஓடக்கூட நேரமில்லைம்மா. பிள்ளைங்களை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். திடீர்னு யாரோ கையைப் பிடிச்சு இழுத்த மாதிரி அது அந்தாண்ட திரும்பிச்சு. போய்ச் சேத்துல விழுந்துச்சு. எந்தச் சாமி திருப்பிச்சோ தெரியலை.”

சட்டியில் இருந்த துண்டுகள் கருகத் தொடங்கின. லஸ்திரி அவற்றை எடுக்கவில்லை. ரோபியாவின் அருகில் போய் அவள் காதோடு குனிந்து கேட்டாள்.

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“எப்படிம்மா சொல்றது? திடலுக்குள்ள கால் வச்சாலே ஆறு வருஷம் ஜெயிலு. உள்ள விட்டவங்களுக்கும் சேத்துத்தானே? அந்தத் தூரத்துல எங்களைப் பாத்தவங்க யாராச்சும் இருந்திருந்தா, அன்னிக்கே பிடிச்சுப் போட்டிருப்பாங்க.”

லஸ்திரி திரும்பிப் போய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். முந்நூறு மீட்டரைப் பற்றி வீட்டில் அவள் இரண்டு நாளாக எவ்வளவோ கேட்டிருந்தாள். ‘கை நடுங்கிடுச்சு’ என்பதற்கு மேல் வர்தோயோ அவளிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ரோபியா மூட்டையை நாற்காலிக்குப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு ஹெர்லினாவைப் பார்த்தாள்.

“உங்க மேல குத்தம் சொல்லலைம்மா. குண்டு மத்தியானம்தான், காலையிலேயே போய்ப் பொறுக்கிக்கன்னு இதே வாசல்ல நின்னு நீங்க சொன்னப்ப, நேரம் அப்படித்தான் இருந்துச்சு. வந்த விருந்தாளிங்களுக்கு வெயில் ஆகாதுன்னு காலைக்கு மாத்தினாங்களாமே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இனிமே நேரம் மாறினா மட்டும், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடுங்கம்மா.”