கேன்சர் இல்லை

“கேன்சர் இல்லம்மா,” என்றார் டாக்டர்.

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கழுத்தில் இரண்டு கட்டிகள். அக்குளில் ஒன்று. மூன்று மாதமாகக் காய்ச்சல். கட்டியிலிருந்து சதை எடுத்து அனுப்பிய சோதனையின் முடிவு மேசைமேல் கிடந்தது.

“பாக்கறதுக்குக் கேன்சர் மாதிரியே இருக்கும். ரொம்ப அபூர்வம். ஹெச்.ஐ.வி. இருக்கறவங்கள்ல எங்கேயோ ஒருத்தருக்கு வரும். மருந்து இருக்கு. பாத்துக்கலாம்.”

கையெடுத்துக் கும்பிட்டாள். அழுகை வரவில்லை. கதவைத் திறந்து வெளியே போகத்தான் பயமாக இருந்தது.

வெளியே பாவாத்தா அக்கா காத்திருந்தாள்.

கேன்சராக இருக்கும் என்று தெருவில் சொல்ல முடிந்தது. சொன்னதும் தெருவே வந்தது. ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். ஒருத்தி துணி துவைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பாவாத்தா தறிக்கு லீவு போட்டுவிட்டு மூன்று முறை அவள்கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

அந்த இன்னொரு நோய், லாரி ஓட்டிய புருஷனிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. தினமும் போடும் மாத்திரையைத் தைராய்டு மாத்திரை என்றே சொல்லிவந்தாள்.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தார்கள்.

“என்ன நவமணி, வாயே தொறக்க மாட்டேங்கற? டாக்டரு என்னதான் சொன்னாரு?”

“கேன்சர் இல்லீங்க்கா.”

பாவாத்தா அவள் கையை இறுகப் பற்றினாள். “மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. அப்பறம் அது என்ன கட்டியாம்?”

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வெறும் நெறிகட்டு என்றாலும் நம்பியிருப்பாள்.

“எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்குதுங்க்கா. இது அதனால வந்ததாம். எங்க வூட்டுக்காரரு செத்தப்பவே தெரியும். உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

பாவாத்தா கையை விட்டாள்.

திருச்செங்கோடு பஸ் வந்து நின்றது. கூட்டம் முட்டிமோதியது. பாவாத்தா பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அதற்குள் நுழைந்தாள்.

நவமணி நின்ற இடத்திலேயே நின்றாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையாவது கேட்க வேண்டும்.

கண்டக்டர் விசில் ஊதினார்.

ஜன்னலுக்கு வெளியே பாவாத்தாவின் தலை நீண்டது. கண்கள் சிவந்திருந்தன.

“அங்க நின்னுட்டு என்ன பண்ற? வெரசா ஏறு புள்ள. எம்பக்கத்துச் சீட்டுக்கு ரெண்டு பேரு சண்டைக்கு வர்றாங்க.”